கழுத்தடியில் ஒரு கேடயம்

நோய்களுள் சில தம்மை நோய் என்று தாமே அறிவித்துக்கொள்கின்றன. காய்ச்சல் உடலைச் சுடுகிறது. புண் கண்ணுக்குத் தெரிகிறது. முறிந்த எலும்பு நடக்க விடுவதில்லை. வேறு சில நோய்களோ மனிதனின் குணம்போல வேடம் புனைந்து வருகின்றன. படபடப்பு, எரிச்சல், உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, ஓரிடத்தில் நில்லாத கால்கள், நடுங்கும் விரல்கள் ஆகியவற்றைக் காணும் சுற்றத்தார் அவற்றை நோய்க்குறிகளாக எண்ணுவதில்லை. "இந்தப் பிள்ளைக்கு அடக்கம் போதாது" என்பர். "இவளுக்கு முன்கோபம்" என்பர். காற்றுக் கருப்பு என்று சொல்லிப் பூசாரியை நாடுவோரும் உண்டு. தைராய்டு மிகைச்சுரப்பு இந்த இரண்டாம் வகை நோய்களைச் சார்ந்தது. அதன் இருப்பிடம் கழுத்தில் உள்ளது என்று மருத்துவ உலகம் உணர்வதற்கே நூறாண்டு தேவைப்பட்டது. அந்த நூறாண்டின் வரலாறும், அதன் பின்னர் மருத்துவம் கண்ட வழிகளும் பள்ளியோடு தொடர்புடையோர் அனைவரும் அறியத்தக்கவை. மாறிவிட்ட ஒரு பிள்ளையைத் தாய் தந்தையர்க்கு அடுத்து நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே அன்றோ?

சுரப்பியும் அதன் பெயரும்

கழுத்தின் முற்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தவாறு வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சிறிய உறுப்பே தைராய்டு சுரப்பி. வளர்ந்தவர்க்கு அதன் எடை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். 1656இல் இலண்டன் மருத்துவர் தாமசு வார்ட்டன், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் அமைத்தார். அப்பெயரைத் தழுவியே தமிழில் 'கேடயச் சுரப்பி' என்னும் சொல் வழங்கலாயிற்று. பெயர் சூட்டிய வார்ட்டனுக்கு அதன் தொழில் இன்னதென்று தெரியவில்லை. கழுத்துக்கு உருட்சியும் அழகும் தருவது, அதிலும் மகளிர் கழுத்துக்கு எழில் கூட்டுவது, அதன் பயன்களுள் ஒன்று என்று அவர் கருதினார்.

அதன் உண்மைத் தொழில் வேறு. உணவின் வழியே குருதியில் சேரும் அயோடினை ஈர்த்து, தைராக்சின் முதலான ஹார்மோன்களை அது ஆக்குகிறது. உடலின் அணுக்கள் எரிபொருளை எவ்வளவு விரைவாகச் செலவிட வேண்டும் என்பதை இந்த ஹார்மோன்களே உறுதி செய்கின்றன. மண்ணெண்ணெய் விளக்கின் திரியை ஏற்றவும் இறக்கவும் ஒரு திருகு உண்டு. உடலென்னும் விளக்குக்கு அத்திருகாக விளங்குவது தைராய்டு. திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் சுடர் ஓங்கும், எண்ணெய் விரைந்து தீரும், கண்ணாடி கரிபிடிக்கும். மிகைச்சுரப்பு உற்றவரின் உடலிலும் இதுவே நிகழ்கிறது. அவர் பசித்து உண்கிறார், ஆயினும் இளைக்கிறார். மற்றவர்க்கு இதமான அறையும் அவருக்கு வெக்கையாகிறது. நாடி விரைகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிறு அடிக்கடி கழிகிறது, மாதவிலக்கு குறைகிறது, மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும் இக்குறிகள் அனைத்தும் ஒரே திருகின் கோளாறே.

இந்தத் தொடர்பு விளங்காத காலத்தில், ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு குறியையே நோயென்று கண்டனர்.

முதலில் கண்டவர்கள்

இங்கிலாந்தின் பாத் நகரில் மருத்துவராக இருந்த கேலப் இல்லியர் பாரி, 1786இல் ஒரு பெண்ணிடம் நெஞ்சுத் துடிப்பும் கழுத்து வீக்கமும் ஒருங்கே இருப்பதைக் கண்டார். பின்னர் அத்தகைய வேறு சிலரையும் கண்டு குறிப்பெழுதி வைத்தார். அவர்களுள் 21 வயது நங்கை ஒருத்தி, சக்கர நாற்காலி சரிவான பாதையில் கட்டுமீறி ஓடியதால் தூக்கியெறியப்பட்டுப் பெரிதும் அஞ்சியவள். அவளது நோய் அந்த அச்சத்தைத் தொடர்ந்து வந்ததாகப் பாரி பதிவு செய்தார். அவர் 1822இல் மறைந்தார். குறிப்புகள் 1825இல்தான் அச்சேறின.

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் மருத்துவம் கற்பித்த இராபர்ட்டு கிரேவ்சு, 1835இல் வெளியான தம் விரிவுரையில் மூன்று பெண்களின் நிலையை விளக்கினார். மூவருக்கும் கழுத்து வீங்கியிருந்தது. மூவருக்கும் கடுமையான நெஞ்சுத் துடிப்பு இருந்தது. இதயத்தின் ஓசை படுக்கைக்குச் சற்றுத் தொலைவிலும் கேட்குமளவு துடிப்பு மிகுந்திருந்ததையும் அவர் எடுத்துரைத்தார். 1840இல் செருமனியின் மெர்சபர்க் நகர மருத்துவர் கார்ல் அடோல்பு வான் பாசடோ, கழுத்து வீக்கம், பிதுங்கிய விழிகள், நெஞ்சுத் துடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை வரையறுத்தார். அம்மூன்றும் இன்றும் அந்நகரின் பெயரால் 'மெர்சபர்க் முக்குறிகள்' என வழங்குகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்நோய் கிரேவ்சு நோய் என்றும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பாசடோ நோய் என்றும் பெயர் பெற்றது. மிகைச்சுரப்புக்குக் காரணங்கள் பல உண்டெனினும் மிகப் பெரும்பான்மையானது இந்தக் கிரேவ்சு நோயே. ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு தாக்குகிறது.

நரம்பு நோய் என்ற மயக்கம்

பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதே இந்நோயைப் பற்றிய மயக்கத்துக்கு ஒரு காரணமாயிற்று. கிரேவ்சே தம் நோயாளிகளின் நிலையை 'இசுட்டீரியா' எனப்பட்ட மனக்கோளாற்றுடன் தொடர்புபடுத்திப் பேசினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர்பெற்ற மருத்துவர்கள் பலர் இதனை நரம்புத் தளர்ச்சி நோய்களின் வரிசையில் வைத்தனர். நோய் ஓர் அதிர்ச்சிக்கோ துயரத்துக்கோ பின் வெளிப்படுவதுண்டு என்ற உண்மை, 'இது மனத்தின் நோய்' என்ற முடிவுக்கு வலுவூட்டியது. ஓய்வு, இடமாற்றம், அமைதி என்பவையே மருந்தாகச் சொல்லப்பட்டன. நெஞ்சு துடித்து, விழி பிதுங்கி, உடல் உருகிய பெண், தன் துன்பத்தோடு தன் மனவலிமை குறைந்தது என்ற பழியையும் சுமக்க நேர்ந்தது. ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி 1870களின் தொடக்கத்தில் இந்நோயால் வருந்தி, முகத்தோற்றமே மாறும் நிலையை அடைந்தார். அக்காலத்தில் அதற்கு முறையான மருத்துவம் ஏதும் இருந்ததில்லை.

1886இல் செருமானிய நரம்பியல் மருத்துவர் பவுல் மோபியசு, நோயின் வேர் நரம்பில் இல்லை, தைராய்டின் மிகையான செயற்பாட்டில் உள்ளது என்ற கருத்தை முன்வைத்தார். பாரி முதல் நோயாளியைக் கண்டது 1786. மோபியசு வேரைச் சுட்டியது 1886. கண்ணெதிரே வீங்கிக் கிடந்த கழுத்திலிருந்து நோயின் காரணத்தை அறிய மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது!

கத்தி புகட்டிய பாடம்

மோபியசின் கருத்துக்குச் சான்று அறுவை மருத்துவத்திலிருந்து கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் மலைநாட்டு மக்களிடம் முன்கழுத்துக் கழலை மிகுதி. பெர்ன் நகரின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், குருதி சிந்தாத நுண்ணிய முறையில் அக்கழலைகளை அகற்றுவதில் வல்லவரானார். அவர் தம் வாழ்நாளில் 5000க்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்தவர். ஆயினும் சுரப்பி முழுவதையும் அகற்றப்பெற்றவர்கள் சில திங்களில் உடல் தடித்து, குளிரால் வாடி, அறிவு மந்தமுற்றுப் போயினர். இதனை 1883இல் கோக்கரே வெளிப்படையாக அறிவித்தார். முழுச் சுரப்பியை அகற்றும் வழக்கத்தையும் கைவிட்டார். பயனற்றது என்று எண்ணப்பட்ட உறுப்பு உடலுக்கு இன்றியமையாதது என்பதை உலகுக்கு உணர்த்தியது இந்நிகழ்ச்சி. 1909இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உருசியப் புரட்சித் தலைவர் லெனினின் துணைவியார் குருப்சுகயாவும் கிரேவ்சு நோயால் வருந்தியவரே. 1913 சூலைத் திங்களில் பெர்ன் நகரில் அவருக்கு அறுவை செய்தவர் கோக்கர்.

1891இல் இங்கிலாந்து மருத்துவர் சார்ச்சு மரே, சுரப்பு குன்றிய பெண் ஒருத்திக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி நலம் தந்தார். அச்சாறு அளவு மீறியபோது நோயாளிகளிடம் நெஞ்சுத் துடிப்பும் நடுக்கமும் இளைப்பும் தோன்றின. குறைந்தால் ஒரு நோய், மிகுந்தால் மற்றொரு நோய் என்பது இதனால் தெளிவாயிற்று. மிகுதியும் குறைவும் நோய் விளைக்கும் என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' தொடக்கத்திலேயே உரைக்கும் நெறியாதலின், தமிழ் கற்றோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1895இல் பவுமன் என்னும் செருமானிய வேதியியலார் அச்சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டார். 1914 திசம்பர் 25ஆம் நாள் அமெரிக்க அறிஞர் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய 3 டன் பன்றிச் சுரப்பிகளிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் மட்டுமே. இத்துணைச் சிறிய பொருள் ஒரு மனிதனின் குணத்தையே மாற்றவல்லது என்பது வியப்பன்றோ?

அயோடினின் இருமுகம்

தைராய்டின் வரலாற்றில் அயோடின் நண்பனாகவும் பகைவனாகவும் வருகிறது. 1811இல் பிரான்சு நாட்டின் கூர்த்துவா கடற்பாசியின் சாம்பலிலிருந்து அதனைக் கண்டெடுத்தார். 1820இல் செனீவா மருத்துவர் குவாந்தே கழலைக்கு அயோடின் கொடுக்கலானார். பலருக்குக் கழலை சுருங்கியது. சிலருக்கோ நெஞ்சுத் துடிப்பும் இளைப்பும் தோன்றின. பின்னாளில் கிரேவ்சு விளக்கவிருந்த குறிகளை ஒத்த நிலை, அவருக்கு முன்பே மருந்தினால் விளைந்தது.

இவ்விருமுகம் நெடுங்காலம் கழித்தும் வெளிப்பட்டது. ஆத்திரேலியாவின் தாசுமேனியா தீவில் கழலையைத் தடுக்க 1966இல் ரொட்டியில் அயோடின் சேர்த்தபோது, முதியோரிடையே மிகைச்சுரப்பு சில ஆண்டுகள் கூடியது. நெடுங்காலக் கழலைகளில் உள்ள முடிச்சுகள், அயோடின் கிடைத்ததும் கட்டுப்பாடின்றிச் சுரந்ததே அதன் காரணம். இதனால் அயோடின் தீது என்று கொள்ளலாகாது. சரவாக் மாநில உட்பகுதிச் சிற்றூர்களில் கழலையும் அதனால் விளையும் மந்தமும் நெடுங்காலம் மக்களை வாட்டின. குடிநீரிலும் உப்பிலும் அயோடின் கலந்ததே அவர்களுக்கு வாழ்வளித்தது. எனினும் மிகைச்சுரப்பு உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் அயோடின் மிகுந்த மருந்துகளையும் கடற்பாசி மாத்திரைகளையும் உண்பது தீங்காகும்.

தமிழகத்துக்கும் இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. இமயத்தின் கில்கித் பகுதியில் கழலையை ஆராய்ந்து, 1917இல் தைராய்டு பற்றிய நூலொன்றை வெளியிட்ட இராபர்ட்டு மெக்காரிசன், 1918இல் நீலகிரியின் குன்னூரில் ஓர் அறை அளவேயான ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அது தொடங்கப்பட்டது பெரிபெரி நோயை ஆராய்வதற்காகவே. அக்கூடம் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

எலியும் அணுவும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிகைச்சுரப்புக்குக் கத்தியே முதன்மையான மருத்துவம். 1920களில் அமெரிக்காவின் பிளம்மர், அறுவைக்கு முன் சின்னாள் அயோடின் கொடுத்தால் சுரப்பு தற்காலிகமாக அடங்கும் என்று காட்டியபின் அறுவையின் இடர் குறைந்தது. கத்தியின்றிக் குணம் காணும் இருவழிகள் 1940களில் அடுத்தடுத்துத் தோன்றின.

1936 நவம்பர் 12ஆம் நாள் பாசுட்டன் நகரில் இயற்பியலறிஞர் கார்ல் காம்ப்டன், மருத்துவத்துக்கு இயற்பியல் செய்யக்கூடியது யாது என்பது பற்றிப் பேசினார். கேட்டிருந்த சால் எர்ட்சு என்னும் இளம் மருத்துவர், அயோடினைக் கதிரியக்கம் உடையதாக ஆக்க இயலுமா என்று வினவினார். அயோடினை விரும்பி ஈர்ப்பது தைராய்டு ஒன்றே. ஆகவே கதிர்வீசும் அயோடினைப் பருகத் தந்தால் அது வேறெங்கும் தங்காமல் நோயுற்ற சுரப்பிக்கே சென்று அதனை அடக்கும் என்பது அவ்வினாவின் உட்பொருள். முயல்களில் சோதனைகள் நடந்தன. 1941 மார்ச்சு 31ஆம் நாள் மாசசூசெட்சு பொது மருத்துவமனையில் மிகைச்சுரப்பு உற்ற ஒரு பெண்ணுக்கு முதன்முதல் கதிரியக்க அயோடின் அளிக்கப்பட்டது. இன்று இதற்குப் பயன்படும் அயோடின் 131 என்னும் வகையை 1938இல் கண்டவர்கள் லிவிங்குட்டும் சீபோர்க்கும். அதன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். ஒரு மாணவன் வினாவுவதற்கு அஞ்சாதிருந்தால் என்ன விளையும் என்பதற்கு எர்ட்சின் வினா நல்ல சான்று.

மற்றொரு வழி எலிகளால் திறந்தது. வேறு நோக்கத்துக்காகச் சில வேதிப்பொருள்களை உண்ணக் கொடுத்த எலிகளின் தைராய்டு, ஹார்மோனைச் சுரக்க முடியாமல் பருத்துப்போனதை ஆய்வாளர் கண்டனர். எலிக்குத் தீங்கானது மிகைச்சுரப்பு உற்ற மனிதனுக்கு நன்மையாகலாம் என்று பாசுட்டனின் எட்வின் ஆசுட்வுட்டு எண்ணி, 1943இல் அத்தகைய மருந்துகளை நோயாளிகளுக்குத் தந்து வெற்றி கண்டார். அவ்வழியில் பிறந்த கார்பிமசோல் முதலிய மாத்திரைகள் இன்றும் கையாளப்படுகின்றன.

நோயின் மூலமும் விளங்கலாயிற்று. நியூசிலாந்தின் ஆடம்சும் பர்வசும் 1956இல் கிரேவ்சு நோயாளிகளின் குருதியில் தைராய்டைத் தூண்டும் புதுமையான ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள், வழிதவறித் தைராய்டைப் பிடித்து ஓயாது சுரக்கச் செய்வதே இந்நோய் என்பது அதனால் துலங்கியது. குருதியில் நுண்ணிய அளவில் கலந்துள்ள ஹார்மோன்களை அளக்கும் முறையை வகுத்தவர்கள் பெர்சனும் ரோசலின் யாலோவும். அம்மையார் அதற்காக 1977இல் நோபல் பரிசு பெற்றார். முன்பு பெரிதும் நோயாளியின் தோற்றத்தையும் மூச்சுக்காற்றையும் கொண்டு ஊகித்து வந்த மருத்துவர்களுக்கு, சில துளிக் குருதியே விடை கூறலாயிற்று.

மலாயா மண்ணில்

நோயின் காரணம் மிகச் சிறிய பொருளொன்றில் மறைந்திருக்கும் என்ற பாடத்தை மலாயா முன்பே கற்றிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்களை மரக்கச் செய்து இதயத்தைத் தளர்த்தும் பெரிபெரி நோய், சுரங்கங்களில் உழைத்த சீனர்களை வாரிச் சென்றது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களோ பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டை மருத்துவர் பிராடன் சுட்டிக்காட்டினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் இருவகை அரிசியையும் தந்து ஒப்பிட்டார். 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் சுடாண்டனும் 1909இல் தீட்டிய அரிசியே குற்றவாளி என்று உறுதிப்படுத்தினர். தவிட்டோடு போன ஒரு சிறு சத்து, ஆயிரம் ஆயிரம் உயிர்களுக்கு விலையாக இருந்தது.

மிகைச்சுரப்போ இத்தகைய கொள்ளைநோய் அன்று. அங்கொருவர் இங்கொருவராகத் தாக்குவதால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. வெப்ப நாட்டில் வியர்வையை யாரும் நோய்க்குறியாகக் கொள்வதில்லை. உழைப்பாளி இளைத்தால் உழைப்பின் மேலும், வறுமையின் மேலும், காசநோயின் மேலும் ஐயம் செல்கிறது. இதயம் படபடத்தால் இதயநோய் என்றே அஞ்சுகின்றனர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பெண்ணொருத்தி கண் பிதுங்கி, கை நடுங்கி, இரவெல்லாம் உறங்காதிருந்தால், அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கு முன் கோயில் வாசலுக்கு அழைத்துச் செல்வதே எளிதாக இருந்திருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சுங்கை வே இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்க ஊர். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான அப்பகுதியில் 1972இல் தடையற்ற வாணிக வட்டாரம் நிறுவப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. இளம்பெண்கள் பல்லாயிரவர் முறைமாற்று வேலையில் இரவும் பகலும் உழைத்தனர். 1975இல் அங்குள்ள ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தொழிற்சாலையில் மலாய்ப் பெண்கள் நாற்பதின்மர் ஆவி பிடித்தவர்போல அலறித் துடித்த நிகழ்ச்சியையும், 1978இல் ஏறத்தாழ 120 பேர் அவ்வாறே ஆனதையும் ஆய்வாளர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். அந்நிகழ்ச்சிகள் தைராய்டால் விளைந்தவை அல்ல. கிராம வாழ்வினின்று பெயர்த்தெடுக்கப்பட்ட மகளிர்மீது தொழிற்சாலை ஒழுங்கு சுமத்திய நெருக்கடியின் வெளிப்பாடே அவை என்பது அவர் முடிவு. எனினும் ஒன்றை இங்குக் கருதவேண்டும். நடுக்கத்தையும் படபடப்பையும் ஆவி என்றோ மனப்பலவீனம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடும் சூழலில், உண்மையாகவே மிகைச்சுரப்பு உற்ற ஒருத்தி அக்கூட்டத்தில் இருந்தால் அவளை யார் அடையாளம் காண்பர்? அவ்வட்டாரத்துக்கு அருகிலேயே பெட்டாலிங் ஜெயா எல்லையில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை 1960களின் பிற்பகுதி முதல் இயங்கி வந்துள்ளது. மருத்துவமனை அருகில் இருந்தால் மட்டும் போதாது. இது மருத்துவமனைக்கு உரிய துன்பம் என்று ஒருவர் எண்ணவும் வேண்டும்.

ஆசிய நாட்டு ஆடவரிடம் இந்நோய் மற்றொரு வேடத்திலும் வரும். திடமான இளைஞன் ஒருவன் இரவில் வயிறார உண்டு உறங்குகிறான். அல்லது கடுமையாக உழைத்தபின் ஓய்வு கொள்கிறான். விடியலில் எழ முயன்றால் கால்கள் அசைவதில்லை. சில மணி நேரத்தில் வலிமை தானே திரும்புவதும் உண்டு. ஆதலால் வீட்டார் அதனைச் செய்வினை என்று நம்பிவிடுவர். மிகைச்சுரப்பின் விளைவாகக் குருதியிலுள்ள பொட்டாசியம் திடீரெனத் தசைகளுக்குள் இறங்குவதே இதன் காரணம். சீனரிடமும் சப்பானியரிடமும் மிகுதியெனினும் மலாய்க்காரர், இந்தியர் முதலிய பிறரிடமும் இது காணப்படுகிறது. இதய ஓட்டத்தையே நிறுத்தவல்ல இந்நிலைக்கு உடனடி மருத்துவம் தேவை. தைராய்டைச் சீர்செய்தால் வலிப்பின்றி வரும் இந்த முடக்கம் மீண்டும் வருவதில்லை.

அறிதலும் தீர்த்தலும்

இந்நாளில் நோயை அறிவது கடினமன்று. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை அனுப்புகிறது. தைராய்டு தானே மிகையாகச் சுரந்தால் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திக்கொள்ளும். ஆகவே தூண்டும் ஹார்மோன் குன்றியும் தைராக்சின் உயர்ந்தும் இருப்பதைக் குருதிச் சோதனை காட்டினால் மிகைச்சுரப்பு உறுதியாகிறது. காரணத்தை அறிய எதிர்ப்பொருள் சோதனையும், தேவையாயின் கதிரியக்கப் படமும் துணைசெய்யும்.

மருத்துவம் மூவகை. மாத்திரை முதலாவது. கிரேவ்சு நோய்க்குப் பொதுவாக 12 முதல் 18 திங்கள் வரை அதனை இடைவிடாது உண்ணவேண்டும். சில வாரங்களில் நலம் தோன்றியதும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. முழுக்காலம் உண்டவரிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் மீள்கிறது. மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் அதனைச் சிறிதென்று தள்ளாமல் மருந்தை நிறுத்தி அன்றே குருதிச் சோதனை செய்வித்தல் வேண்டும். வெள்ளணுக்கள் திடீரெனக் குறையும் அரிய ஆபத்து அம்மருந்துக்கு உண்டு. கதிரியக்க அயோடின் இரண்டாவது. கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் அது ஆகாது. அறுவை மூன்றாவது. பின்னிரண்டு வழிகளிலும் சுரப்பு குன்றிவிட்டால் வாழ்நாள் முழுதும் தைராக்சின் மாத்திரை ஒன்றை நாள்தோறும் உண்டு நலமே வாழலாம். நடுக்கத்தையும் துடிப்பையும் உடனே தணிக்கத் தனி மருந்துகளும் உள்ளன. கண் பிதுங்கும் நோயைப் புகைபிடித்தல் பெருக்கும். ஆதலின் அதனை அறவே விடவேண்டும். கருவுற விரும்பும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது. முதியோரிடம் இந்நோய் படபடப்பின்றிச் சோர்வாகவும், பசியின்மையாகவும், ஒழுங்கற்ற நாடியாகவும் வருவதுண்டு. வயதின் தளர்ச்சி என்று எண்ணி அதனை விட்டுவிடலாகாது.

வகுப்பறையில் விழிப்பு

பதின்பருவப் பிள்ளைகளையும், சிறுபான்மை இளஞ்சிறாரையும் மிகைச்சுரப்பு தாக்குகிறது. நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரிகிறது. கவனம் சிதறுகிறது. முத்துமுத்தாக இருந்த கையெழுத்து கோணுகிறது. நாற்காலியில் அமர முடிவதில்லை. அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்கிறது. சிறு சொல்லுக்கும் அழுகிறது, சினக்கிறது. வகுப்பில் எல்லோரும் மின்விசிறியின்கீழ் நலமாயிருக்க, அப்பிள்ளைக்கு மட்டும் வியர்க்கிறது. உயரம் கூடுகிறது; எடை குறைகிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே பருவத்தின் இயல்பாக இருக்கலாம். பலவும் ஒருங்கே, சில திங்களுக்குள், முன்பு அவ்வாறில்லாத பிள்ளையிடம் தோன்றுமாயின் ஐயுறுதல் நலம். நீட்டிய கைகளில் நுண்ணிய நடுக்கமும், ஓய்ந்திருக்கும்போதும் குறையாத நாடி விரைவும், தண்ணீர் விழுங்கும்போது மேலெழுந்து தாழும் கழுத்துப் புடைப்பும் அந்த ஐயத்தை வலுப்படுத்தும்.

நோயை உறுதிசெய்வது மருத்துவரின் தொழில். அதனை ஆசிரியர் மேற்கொள்ள வேண்டியதில்லை. முன்பு இருந்த நிலைக்கும் இப்போதுள்ள நிலைக்கும் இடையே விளைந்த மாற்றத்தைக் கண்டு, பெற்றோரை அழைத்து, பழியின்றி எடுத்துரைத்து, அரசு மருந்தகத்துக்கு வழிகாட்டுவதே ஆசிரியர் செய்யத்தக்கது. பிள்ளைக்குப் பிரம்பும் கண்டிப்பும் தீர்வாகா என்பதைப் பெற்றோர்க்கு உணர்த்துவதும் அதில் அடங்கும். மருத்துவம் தொடங்கிய சில திங்களில் பழைய கையெழுத்தும் பழைய முகமலர்ச்சியும் திரும்பும் என்பதே இத்துறை தரும் பெரிய ஆறுதல்.

பாரியும் கிரேவ்சும் கையில் ஒரு கருவியுமின்றிக் கண்ணாலும் செவியாலும் நோயைக் கண்டனர். அதன் வேரை அறியும் வசதி மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இந்நாளில் வேரை அறிய ஒரு குருதிச் சோதனையே போதும். அச்சோதனைக்கு ஒருவரை அனுப்பிவைக்கும் கூர்ந்த பார்வையும், ஒருவரின் மாற்றத்தைக் குணக்கேடு என்று தீர்ப்பளிக்குமுன் சற்றே தயங்கும் பண்பும் வீட்டிலும் பள்ளியிலும் வளருமாயின், ஒரு நூற்றாண்டுப் பிழை இனி ஒரு பிள்ளையின் வாழ்விலேனும் நிகழாமல் காக்கப்படும்.